டாக்டர் சீட்டா, ஆப்டோமெட்ரியா? வாசகர் கேள்வி – பதில்

நீட் முடிவு வந்த கையோடு பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கடிதங்களில் ஆறு இங்கே. கண் மருத்துவர் ஒருவரும், ஆப்டோமெட்ரி என்னும் பார்வைப் பரிசோதனைப் படிப்பின் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பிலிருந்தே "கண் டாக்டர் ஆவேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீட்டில் 720க்கு 410 வந்திருக்கிறது. கடன் வாங்கி மேனேஜ்மென்ட் சீட் எடுப்பதா, இன்னொரு வருஷம் கோச்சிங் அனுப்புவதா, பி.ஆப்டம் (ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பு) சேர்த்துவிடுவதா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். — ஒரு தாய், திண்டுக்கல்

முதலில் மகளிடம் ஒன்று கேளுங்கள் அம்மா. "கண் டாக்டர்" என்று சொல்லும்போது அவள் கண்முன் வரும் வேலை எது? மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கத்தி பிடித்துப் புரை எடுப்பதா? இருட்டறையில் ஒருவரை உட்காரவைத்து, அவருக்கு ஏன் சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்து, தெரியவைப்பதா? முதலாவது என்றால் எம்.பி.பி.எஸ். தவிர வேறு வாசல் கிடையாது. பி.ஆப்டம் முடித்துவிட்டு எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் நுழைய வழியில்லை. மறுபடி நீட், மறுபடி முதலாம் ஆண்டுதான். இரண்டாவது என்றால் ஆப்டோமெட்ரி அவளை நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

வருஷக் கணக்கையும் அவளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், அதன்பின் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். முதல் வருஷம் முழுக்க உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல்தான். இன்டர்ன்ஷிப் ஆண்டில்கூடக் கண் பிரிவுக்கு இரண்டு வாரம்தான். பிறகு நீட் பி.ஜி.: 200 கேள்வி, 800 மார்க். அந்த ரேங்கில் கண் மருத்துவ சீட் கிடைத்தால் எம்.எஸ். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. மூன்று வருஷம். ஒரு வருஷம்கூட வீணாகாவிட்டால் எட்டரை வருஷம் ஆகிறது. புரை அறுவையில் கை படிய, பலர் அதற்கு மேலும் ஓரிரண்டு வருஷம் ஃபெலோஷிப் செய்கிறார்கள். பதினெட்டில் சேர்ந்த பெண் தனியாக நின்று ஆபரேஷன் செய்ய இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆகும். ஆப்டோமெட்ரியில் பெரும்பாலான கல்லூரிகளில் மூன்று வருஷ வகுப்பும் ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்புமாக நாலு வருஷம். பாடத்திட்டம் இப்போது துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலாளர் தேசிய ஆணையத்தின் கீழ் மாறிவருவதால், சேரும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் கால அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.பி.பி.எஸ். சேருவது கண் மருத்துவத்தில் சேருவது ஆகாது. இதைப் பல வீடுகளில் யோசிப்பதே இல்லை. பி.ஜி. ரேங்க் இடித்தால் அவள் பொது மருத்துவராகவோ, மயக்கவியலிலோ, வேறு எதிலோ இருக்க நேரும். "அப்படியானாலும் பரவாயில்லை, நோயாளியோடு இருக்கணும், அவ்வளவுதான்" என்று அவள் சொன்னால் மருத்துவம் அவளுக்கானது. "கண் இல்லையென்றால் எனக்கு வேண்டாம்" என்றால் அந்தப் பதிலுக்கு மதிப்புக் கொடுங்கள்.

இன்னொரு வருஷம் கோச்சிங் போகலாமா என்பதை மொத்த மார்க்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. அவளுடைய 410 எப்படிப் பிரிந்திருக்கிறது? உயிரியலில் 290, வேதியியலில் 80, இயற்பியலில் 40 என்றால் ஒரு வருஷம் கொடுக்கலாம். இயற்பியல் கணக்குகள் பயிற்சியால் ஏறும். தப்பாக அடித்து இழக்கும் மைனஸ் மார்க்கும் குறையும். உயிரியலிலேயே 200தான் என்றால், படித்தது மனதில் நிற்கவில்லை என்று பொருள். அதே புத்தகத்தை அதே முறையில் இன்னொரு வருஷம் படித்து மார்க் பெரிதாக உயர்வதில்லை. எப்படியிருந்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் 7.5% உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்தப் பட்டியலில் 410க்கு மதிப்பே வேறு. முதலில் அதைப் பாருங்கள்.

மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நிலத்தை விற்கவோ பெரிய கடன் வாங்கவோ நாங்கள் சொல்ல மாட்டோம். அந்தப் பணத்தில் எம்.பி.பி.எஸ். மட்டும்தான் முடியும். கண் மருத்துவப் பி.ஜி.க்கு அரசு சீட் கிடைக்காவிட்டால் இரண்டாவது முறையும் அதேபோல் பணம் கட்ட வேண்டிவரும். அப்போது விற்க நிலம் இருக்காது.

கேள்வி: ஆப்டோமெட்ரிஸ்ட் என்றால் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவர்தானே? மெஷினில் முகத்தை வைத்தால் பவர் சீட்டே வெளியே வருகிறது. அதற்கு ஏன் நாலு வருஷப் படிப்பு? — திருப்பூர் வாசகர்

அந்த மெஷினின் பெயர் ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டர். அது தருவது ஆரம்பப் புள்ளி மட்டும். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று இரண்டு வேலைகளைக் கிட்டத்தில் காட்டுகிறோம்.

ஐந்து வயதுக் குழந்தை. எழுத்து படிக்கத் தெரியாது, மெஷினில் நிலையாக உட்காராது. ஆப்டோமெட்ரிஸ்ட் அறையை இருட்டாக்கி, ரெட்டினோஸ்கோப்பின் ஒளிக்கீற்றைக் கண்பாவைக்குள் விட்டு மெல்ல அசைக்கிறார். உள்ளே செந்நிறமாக ஓர் ஒளி திரும்பி வந்து அசையும். கீற்று போகும் பக்கமே அதுவும் போனால் ப்ளஸ் லென்ஸ் வைக்க வேண்டும், எதிர்ப்பக்கம் போனால் மைனஸ். லென்ஸை மாற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அசைவு நின்று பாவை முழுக்க ஒரே நேரத்தில் பளிச்சென்று நிறையும். அப்போது முன்னால் இருக்கும் லென்ஸ் குழந்தையின் பவர் இல்லை. அதிலிருந்து, பார்ப்பவர் உட்கார்ந்திருக்கும் தூரத்துக்கு உரியதைக் கழிக்க வேண்டும். 67 செ.மீ. என்றால் 1.50 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு), அரை மீட்டர் என்றால் 2.00.

பிழை வருவது இங்கேதான். குழந்தை அழுகிறது என்று ஆப்டோமெட்ரிஸ்ட் கொஞ்சம் முன்னால் நகர்ந்து அரை மீட்டரில் உட்கார்ந்துவிட்டு, பழக்கத்தில் 1.50 கழித்தார் என்றால், மைனஸ் 2.00 உள்ள குழந்தைக்கு மைனஸ் 1.50 கண்ணாடி போய்விடும். கரும்பலகை மங்கலாகவே இருக்கும். அதைச் சொல்லக் குழந்தைக்குத் தெரியாது. இதே வேலையை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசையிலும் செய்தால்தான் சிலிண்டரும் (ஒரு திசைக்கு மட்டும் வேண்டிய கூடுதல் பவர்) அதன் அச்சும் கிடைக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தையின் கண் உள்ளே குவிப்பைக் கூட்டிக்கொண்டு, இல்லாத மைனஸைக் காட்டும். தலைவலி என்று வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை மெஷினில் மைனஸ் 1.50 காட்டும், மருத்துவர் சொன்னபடி சைக்ளோபென்டோலேட் சொட்டு விட்டு, குவிப்பு தளர்ந்த பின் பார்த்தால் ப்ளஸ் 0.50ஆக இருக்கும். முதல் சீட்டை நம்பிக் கண்ணாடி போட்டிருந்தால் தலைவலி கூடியிருக்கும்.

இரண்டாவது வேலை, புரை ஆபரேஷனுக்கு முன் உள்விழி லென்ஸின் பவரைக் கணக்கிடும் பயோமெட்ரி. கண்ணின் முன்னிருந்து பின் வரையுள்ள நீளம் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 23 மி.மீ. இதில் 1 மி.மீ. தவறினால் ஆபரேஷனுக்குப் பின் இரண்டரை டயாப்டருக்கு மேல் பவர் நிற்கும். புரை முற்றி வெள்ளையாகிவிட்ட கண்ணில் ஒளியால் அளக்கும் கருவி வேலை செய்யாது. ஒலியலையால் அளக்கும் ஏ-ஸ்கேன் முனையைப் பெரும்பாலும் கருவிழியில் தொட்டு அளக்கிறார்கள். கை கொஞ்சம் அழுத்திவிட்டால் கருவிழி உள்வாங்கி நீளம் 0.3 மி.மீ. குறைவாகக் காட்டும். உடனே கணக்கு, தேவைக்கு மேல் பவர் உள்ள லென்ஸைச் சொல்லும். அறுவை எவ்வளவு நேர்த்தியாக நடந்திருந்தாலும் அந்தப் பெரியவருக்கு முக்கால் டயாப்டர் மைனஸ் நின்றுவிடும். அவர் டாக்டரைக் குறை சொல்வார். பிழை நடந்தது ஸ்கேன் அறையில். நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் பல முறை அளந்து, அலைமுகடுகள் உயரமாகவும் செங்குத்தாகவும் வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்வார். இரண்டு கண்ணின் நீளத்துக்கும் பொருந்தாத வித்தியாசம் வந்தால் மறுபடி அளப்பார். நோயாளி கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவரா என்று முன்கூட்டியே கேட்டு, அதைக் கழற்றிச் சில நாள் விட்டபின்தான் கருவிழி வளைவை அளப்பார்.

இவை போகக் கூம்புக் கருவிழிக்கு கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, பார்வை மிகக் குறைந்தவர்களுக்குப் படிக்க உதவும் கருவிகள் தேர்ந்து தருவது, மாறுகண் அளவீடு, கண் நீர் அழுத்த நோய்க்கான பார்வைப்புலச் சோதனை என்று வேலை விரிகிறது. இந்தியாவில் ஆப்டோமெட்ரிஸ்ட் அறுவை செய்ய முடியாது. கண் நோய்க்கு மருந்து எழுதிச் சிகிச்சை தருவது மருத்துவரின் பொறுப்பு.

கண்ணாடிக் கடை என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காக வரும் நாற்பத்தைந்து வயதுக்காரரின் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்த்து, "இதை டாக்டரிடம் உடனே காட்டுங்கள்" என்று அனுப்பத் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பது அவருடைய பார்வையையே காப்பாற்றலாம். ஃபிரேம் பொருத்தித் தரும் ஆப்டீஷியன் வேறு, ஆப்டோமெட்ரிஸ்ட் வேறு. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலாளர் ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரியைத் தனிச் சுகாதாரத் தொழிலாகவே பட்டியலில் வைத்திருக்கிறது.

கேள்வி: பி.ஆப்டம் சேர்ந்துவிட்டு, கூடவே அடுத்த நீட்டுக்கும் படிக்கலாம் என்று இருக்கிறேன். சரிவருமா? — மாணவன், விழுப்புரம்

சட்டப்படி தடை இல்லை. நீட்டுக்கு வயது உச்சவரம்போ, இத்தனை முறைதான் என்ற கணக்கோ கிடையாது. ஆனால் நடைமுறையில் இரண்டும் கெடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். பி.ஆப்டம் முதல் வருஷத்தில் வரும் வடிவியல் ஒளியியல் அடுத்த மூன்று வருஷத்துக்கும் அடித்தளம். லென்ஸின் ப்ளஸ், மைனஸ் குறி, கதிர் வரைபடம், ப்ரிசம் எல்லாம் அங்கேதான் பிடிபடும். மனசு நீட் மாதிரித் தேர்வில் இருக்கும்போது அது விட்டுப்போனால், இரண்டாம் வருஷத்தில் ரெட்டினோஸ்கோப்பி மந்திரம் போலத் தெரியும்.

பிடிவாதமாக எழுதத்தான் போகிறீர்கள் என்றால், சேர்வதற்கு முன்பே கல்லூரியில் மூன்று விஷயம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள் தம்பி. பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்ப வரும், அசல் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கும். எம்.பி.பி.எஸ். கவுன்சலிங் அழைப்பு வந்த அன்று டி.சி.யும் மார்க் ஷீட்டும் கையில் இல்லாமல் தவிக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் உண்டு. முதல் நீட்டோடு ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, எதில் சேர்கிறீர்களோ அதில் முழுமையாக இருங்கள் என்பதுதான் எங்கள் ஆசை.

கேள்வி: நான் கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் குரூப். பயாலஜி இல்லை. எனக்கு இரண்டுமே இல்லையா? — மாணவி, நாமக்கல்

இரண்டுக்கும் வழி இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் கணித குரூப்பையும் பி.ஆப்டத்துக்கு ஏற்கின்றன, ஒவ்வொன்றின் தகுதிப் பட்டியலையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒளியியலில் உங்களுக்கு மற்றவர்களைவிடச் சுலபமாக இருக்கும். உடற்கூறுதான் முதல் செமஸ்டரில் கொஞ்சம் திணறவைக்கும். மருத்துவம் வேண்டும் என்றால், பிளஸ் டூ முடித்தபின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் எழுத வேண்டும்.

கேள்வி: பி.ஆப்டத்துக்கு எந்தக் கல்லூரி? முடித்தால் சம்பளம் எவ்வளவு? வெளிநாடு போகலாமா? — வாசகர், தஞ்சாவூர்

கண் மருத்துவத்துக்குத் தமிழ்நாடு நல்ல மண். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த், சென்னையில் 1978இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயா, அதன் துணையோடு 1985இல் வந்த எலைட் ஆப்டோமெட்ரி கல்லூரி எல்லாம் இங்கேயே இருக்கின்றன. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் பல கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றுக்கு அரசின் துணை மருத்துவப் படிப்புக் கவுன்சலிங் நடக்கிறது.

கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கல்லூரிக்குச் சொந்தமாகக் கண் மருத்துவமனை இருக்கிறதா, தினமும் எத்தனை புறநோயாளிகள் வருகிறார்கள், ஒரு ரெட்டினோஸ்கோப்புக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து, "உங்கள் லாக் புக்கில் குழந்தைகள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் அந்தக் கல்லூரி வேண்டாம். ரெட்டினோஸ்கோப்பி நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்த பின்தான் கைக்கு வரும். மாதிரிக் கண்ணை வைத்துப் படித்தால் வராது. அஞ்சல்வழி ஆப்டோமெட்ரி, ஆறு மாதச் சான்றிதழ் என்று விளம்பரம் வந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் சுகாதாரப் படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025இல் அறிவித்துவிட்டது.

சம்பளத்தை மறைக்காமல் சொல்கிறோம். தொடக்கத்தில் மாதம் 15,000 முதல் 25,000 வரை பேசுவது சாதாரணம். நாலு வருஷம் படித்த பிள்ளைக்கு இது குறைவு. அந்த வருத்தம் எங்களுக்கும் உண்டு. கான்டாக்ட் லென்ஸ், குழந்தைகளின் இருகண் பார்வை, குறைபார்வை என்று ஒன்றில் ஊன்றி நின்றவர்களுக்கும் மேற்படிப்பான எம்.ஆப்டம் முடித்துக் கற்பிக்கப் போகிறவர்களுக்கும் நிலைமை மாறுகிறது. சொந்தமாக கிளினிக் வைக்க ஸ்லிட் லாம்ப் (கீற்றொளியில் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி), ரெட்டினோஸ்கோப், ட்ரையல் செட், லென்ஸோமீட்டர், அழுத்தம் பார்க்கும் கருவி என்று முதலீடு உண்டு. அறை ஆறு மீட்டர் நீளம் வேண்டும். இல்லையென்றால் மூன்று மீட்டரில் கண்ணாடி வைத்துச் சமாளிக்கலாம்.

வளைகுடா நாடுகளில் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் ப்ரோமெட்ரிக் என்ற கணினித் தேர்வும் கேட்பார்கள், பணி அனுபவமும் கேட்பார்கள். ஆகவே முதல் வேலையிலிருந்தே அனுபவச் சான்றிதழை நாள் குறித்து வாங்கி வையுங்கள். அமெரிக்காவில் இந்திய பி.ஆப்டம் மட்டும் வைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியாது; ஓ.டி. (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) பட்டம் வேண்டும். அது பட்டப்படிப்புக்குப் பின் நாலு வருஷம். வெளிநாட்டில் ஆப்டோமெட்ரி படித்தவர்களுக்குக் காலத்தைக் குறைத்துத் தரும் கல்லூரிகளும் உண்டு. அங்கே ஓ.டி. முடித்தவர்கள் பல கண் நோய்களுக்கு மருந்தும் எழுதுகிறார்கள்.

கேள்வி: எனக்கு இடது கண் சின்ன வயசிலிருந்தே சோம்பேறிக் கண். வலது கண்ணில் மைனஸ் 7. கண் மருத்துவராக ஆசை. இந்தக் கண்ணோடு முடியுமா? — பெயர் வேண்டாம், புதுக்கோட்டை

மைனஸ் 7 ஒரு தடையே அல்ல. கண்ணாடியோடு தெளிவாகத் தெரிந்தால் போதும். கவனிக்க வேண்டியது, கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராத சோம்பேறிக் கண்ணை. மைக்ராஸ்கோப்பில் புரை எடுக்கும்போது ஊசிமுனை லென்ஸ் உறையின் மேலே நிற்கிறதா, அதைத் தொட்டுவிட்டதா என்று கையில் தெரியாது. இரண்டு கண்ணும் சேர்ந்து காட்டும் ஆழத்தில்தான் தெரியும். அந்த உறை ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்டது. ஆழப் பார்வை குறைந்தவர்களுக்கு அறுவைப் பயிற்சி மிகக் கடினமாகும். எம்.எஸ். சேர்ந்து இரண்டாம் வருஷத்தில் இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

ஆகவே இப்போதே ஒரு கண் மருத்துவமனையில் ஸ்டீரியோ சோதனை செய்துகொள்ளுங்கள். போலராய்டு கண்ணாடி போட்டு, புத்தகப் பக்கத்திலிருந்து எழும்பி நிற்பது போலத் தெரியும் ஈயின் இறக்கையைப் பிடிக்கச் சொல்வார்கள். பிறகு வட்டங்களில் எது முன்னால் நிற்கிறது என்று கேட்பார்கள். ஐந்து நிமிஷ வேலை. விடை ஆர்க் நொடி என்ற கோண அளவில் வரும்: 40 அளவில் இருந்தால் நல்லது, நூற்றுக்கணக்கில் போனால் அறுவைத் துறையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சோதனை பாதகமாக வந்தாலும் மருத்துவப் படிப்பு உங்களுக்கு மூடிவிடாது. பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநலம், கதிரியக்கவியல் என்று ஆழப் பார்வையை நம்பாத துறைகள் இருக்கின்றன. ஆப்டோமெட்ரியில் ரெட்டினோஸ்கோப்பி ஒரே கண்ணால் செய்யும் வேலைதான். உங்கள் வலது கண் அதற்குப் போதும். ஸ்லிட் லாம்பில் ஆழத்தைக் கீற்றொளியின் சாய்வை வைத்துக் கணிக்கப் பழகலாம். கான்டாக்ட் லென்ஸின் அடியில் உள்ள கண்ணீர்ப் படலத்தை மதிப்பிடும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் அதன் எண்ணோடு மறுபடி எழுதுங்கள். அடுத்த இதழில் பெயர் போடாமல் பதில் தருகிறோம்.